ஓர் அங்குலம் குறைந்த குதிரை

ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டில் நிற்க மறுத்தது.

ஜோடிக்காரர் பலகையைத் தூக்கி, அதன் அடிப்புறத்தைத் துண்டால் துடைத்து, மறுபடி இரண்டு குதிரைகளின் மேலும் குறுக்காக வைத்தார். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் குதிரைக்கு ஒரு மேடு உண்டு. தோள்மேடு என்பார்கள். குதிரையின் உயரம் என்பது தரையிலிருந்து அந்த மேடு வரைக்கும்தான். தலையை எவ்வளவு தூக்கி வைத்துக்கொண்டாலும் அது கணக்கில் சேராது. பலகை இந்தத் தோள்மேட்டிலிருந்து அந்தத் தோள்மேட்டுக்குப் பாலம் போலக் கிடந்தது. அதன் நடுவில் வைத்த ரசமட்டத்தில் குமிழி, பழைய குதிரை சீமாட்டியின் பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

"தரை சரியில்லை," என்றார்.

காலையிலிருந்து தரை சரியில்லாமல்தான் இருந்தது. லாயத்துக்குள் சரியில்லை, முற்றத்தில் சரியில்லை, இப்போது வண்டி நிறுத்தும் சிமென்ட் தளத்திலும் சரியில்லை. தாடி என்று எல்லோரும் கூப்பிடும் வண்டியோட்டி ஒவ்வொரு முறையும் "ஆமாங்கய்யா" என்று சொல்லி, இரண்டு குதிரைகளையும் அடுத்த இடத்துக்கு நடத்திக்கொண்டு போனார். இந்த முறை ஆமாம் போடவில்லை.

"ஐயா, சீமாட்டியை இந்தப் பக்கம் கொண்டாந்து, புதுசை அந்தப் பக்கம் நிறுத்திப் பாப்போமா?"

மாற்றி நிறுத்தினார்கள். குமிழியும் மாறி ஓடியது. சீமாட்டி எங்கே போனாலும் பின்னாலேயே போனது.

"லாடம்?"

"ரெண்டுக்கும் கழட்டியாச்சு. காலு வெறுங்காலு."

"அப்போ குதிரைதான் குள்ளம்."

"அதைத்தான் நான் காலையிலயே..." என்று ஆரம்பித்த தாடி, ஜோடிக்காரரின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கினார்.

அந்த வீட்டில் வாடகைக்கு விடுவது ஜோடி வண்டி. கல்யாண ஊர்வலம், கடைத் திறப்பு, பெரிய மனிதர் வரவேற்பு எதுவானாலும் இரட்டைக் குதிரை பூட்டிய திறந்த வண்டி வேண்டுமென்றால் அந்த வாசலுக்குத்தான் வரவேண்டும். வண்டி வேறு சிலரிடமும் இருந்தது. ஜோடி இல்லை. இரண்டு குதிரை இருந்தால் ஜோடி ஆகிவிடாது. பலகை வைத்து, ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நின்றால்தான் ஜோடி. நிற்காத குதிரைகள் அந்த வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததில்லை. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு ஓர் அங்குல வித்தியாசம் தெரியாது. தெரியாது என்பதற்காக விட்டுவிடுகிறவர்கள் வேறு வீட்டுக்காரர்கள்.

சீமாட்டியின் பழைய துணைக்கு முன்னங்கால் நொண்டிவிட்டது. புதுத் துணை தேடும்போது மகன் சொன்னான், "அக்கா வீட்டுலயே பண்ணை இருக்கு. வெளியில எதுக்குப்பா அலையணும்?"

ஜோடிக்காரருக்கும் அதுதான் விருப்பம். பெண் கொடுத்த இடத்தில் குதிரை எடுப்பது கௌரவமான காரியம். சம்பந்தியை போனில் அழைத்து, "பதினஞ்சு புள்ளி ரெண்டு வேணும். முன்னப்பின்ன இருக்கக் கூடாது" என்றார்.

"சம்பந்தி, எங்க பண்ணையில எல்லாம் சென்டிமீட்டர்தான். நூத்தி ஐம்பத்தஞ்சுல செவலை ஒண்ணு இருக்கு. உங்க கைக்கணக்குக்கு அது ஒத்து வருமான்னு எனக்குத் தெரியாது. நீங்களே போட்டுப் பாத்துச் சொல்லுங்க."

குதிரை உயரத்தைக் கை என்ற அளவில் சொல்வது பழைய வழக்கம். ஒரு கை என்பது நாலு அங்குலம். பதினைந்து புள்ளி இரண்டு என்றால் பதினைந்து கையும் இரண்டு அங்குலமும். புள்ளிக்குப் பின்னால் மூன்றுக்கு மேல் எண் வரவே வராது. நாலாவது அங்குலம் வந்ததும் அது அடுத்த கை ஆகிவிடும். ஒரு தடவை யாரோ ஒரு பணக்காரர் வந்து, "என் குதிரை பதினஞ்சு புள்ளி ஆறு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கதையை ஜோடிக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மகன் போனை எடுத்தான். "நான் போட்டுச் சொல்றேன்பா."

"நம்ம வீட்டுக் குதிரைக்கு போன் கணக்குப் போட வேண்டாம்," என்று தடுத்துவிட்டு, தீவன அறைக் கதவில் சாக்கட்டியால் அவரே போட்டார். ஒரு கைக்குப் பத்து புள்ளி ஒன்று ஆறு சென்டிமீட்டர். நூற்று ஐம்பத்தைந்தை அதால் வகுத்தார். பதினைந்து புள்ளி இரண்டு ஐந்து என்று வந்தது. பதினைந்து புள்ளி இரண்டு! கேட்டது அப்படியே கதவில் வந்து நின்றது. பின்னால் ஒட்டியிருந்த ஐந்தைக் குதிரையின் முடி என்று தள்ளிவிட்டார். "அனுப்பச் சொல்லு," என்றார்.

வந்த குதிரைதான் இப்போது பலகைக்கு அடியில் நின்று வாலை வீசிக்கொண்டிருந்தது. வீட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தார். பதினைந்து கை, ஓர் அங்குலம். அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை.

கையில் பலகை இருக்கும்போதே போன் பேசக் கூடாது என்று ஒரு விதி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜோடிக்காரர் அங்கேயே நின்று சம்பந்தியை அழைத்தார். சம்பந்திக்கு ஒரு காது மந்தம். பண்ணை அலுவலகத்தில் போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரைத் திறந்து விட்டுத்தான் பேசுவார். அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். ஜோடிக்காரருக்கு அது தெரியும். கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

"குதிரை வந்துச்சு சம்பந்தி."

"சந்தோஷம். பிடிச்சிருக்கா?"

"குதிரைக்கு ஒரு குறையும் இல்லை. ஓர் அங்குலம்தான் இல்லை."

"என்ன இல்லை?"

"அங்குலம்! எங்களுக்கு அனுப்பறதுக்குன்னே குள்ளமாப் பொறுக்கினீங்களா, இல்லை உங்க அளவுகோலே குள்ளமா?"

அந்தப் பக்கம் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"நூத்தி ஐம்பத்தஞ்சுன்னு சொன்னேன். நூத்தி ஐம்பத்தஞ்சுதான் அனுப்பினேன்," என்றார் சம்பந்தி.

"சொன்னீங்க. அளந்தது யாரு? அளந்தவங்களுக்குக் கண்ணு தெரியலைன்னா கண்ணாடி வாங்கிக் குடுங்க. கண்ணு தெரிஞ்சே சொல்லியிருந்தா அதுக்குப் பேரு வேற. எங்க வீட்டுல அதைத் திருட்டுன்னு சொல்லுவோம்."

அந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"அளந்தவங்க இங்கேதான் இருக்காங்க," என்றார் சம்பந்தி. "நீங்க பேசினதைக் கேட்டாங்க. குதிரையை நானே திருப்பி எடுத்துக்கறேன். லாரி அனுப்பறேன். வச்சிடட்டுமா?"

அன்று மாலை வரைக்கும் ஜோடிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். கேட்கவேண்டியதைக் கேட்டாகிவிட்டது. விளக்கேற்றும் நேரத்துக்கு வழக்கமாக மகள் அம்மாவுக்கு போன் செய்வாள். அன்று செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை.

"வேலையா இருப்பா," என்றார் மனைவியிடம்.

"வேலையா இருக்கறவ வேலையைப் பத்தியாவது புலம்பறதுக்குக் கூப்பிடுவா," என்றாள் மனைவி. "நீங்க அங்கே என்ன பேசினீங்க?"

"குதிரையைப் பத்திப் பேசினேன்."

"குதிரையைப் பத்தி மட்டும்தானே?"

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். வாசலில் நிற்கப் பிடிக்காமல் லாயத்துக்குப் போனார். சீமாட்டியின் பிடரியைக் கோதிவிட்டு, பாதியில் விட்டு, சேணம் மாட்டும் அறைக்குள் நுழைந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றார். எங்கே போனாலும் அந்த நாற்காலி நகர்ந்த சத்தம் காதில் கேட்டது. சம்பந்தி கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வச்சிடட்டுமா என்று கேட்ட அந்த மரியாதைதான் உறுத்தியது.

மகன் லாயத்து வாசலில் வந்து நின்றான். சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா, குதிரையை அளந்தது அக்கா."

"எந்தக் குதிரையை?"

"எல்லாக் குதிரையையும். ஒரு வருஷமா அங்கே அளக்கறது அக்காதான். சம்பந்தி மாமா கோலை அவங்க கையிலதான் குடுத்திருக்காரு. அவங்க அளந்தா வியாபாரிங்க மறுபடி அளக்கறதில்லையாம், அவ்வளவு நம்பிக்கை. நீங்க பேசினப்ப மேசைக்கு எதிர்லதான் உக்காந்திருந்தாங்க."

ஜோடிக்காரர் கோதும் சீப்பைத் தட்டித் தட்டித் துடைத்தார்.

"அப்போ அவளைப் பொய் சொல்ல வச்சிருக்காங்க."

"அக்காவையா? ஒருத்தர் சொல்லி அக்கா பொய் சொல்லுவாங்களா? உங்களுக்குத்தானே பொறந்தாங்க?" மகன் குரலைத் தாழ்த்தினான். "கோலைக் கொண்டுபோய் மாமா மேசையில வச்சுட்டாங்களாம். எங்க அப்பாவே திருடின்னு சொன்னதுக்கு அப்புறம் நான் அளந்தா யாரு நம்புவா, வேற ஆளைப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டாங்களாம். மாமா எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாராம்."

அதற்கப்புறம் ஜோடிக்காரரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தட்டில் வைத்ததைப் பாதியில் மூடி வைத்தார். அவர் பெண் திருடவில்லை. அதில் அவருக்கு ஐயமில்லை. அப்படியானால் பழுது கோலில்தான் இருக்கவேண்டும். பண்ணைக் கோல் அடியில் தேய்ந்திருக்கும். குறுக்குக் கம்பி தொங்கியிருக்கும். இதை நிரூபித்துவிட்டால் பழி கோலின் மேல் போய்விடும். அவளும் தப்பிப்பாள், அவர் பேசிய பேச்சும் தப்பிக்கும். யாருக்கும் தலை குனியவேண்டி வராது. வழி தெரிந்ததும் நடையில் வேகம் வந்தது.

விடிந்ததும் தாடியைக் கூப்பிட்டு, தச்சுப் பெட்டியிலிருந்த எஃகு டேப்பை எடுத்துவரச் சொன்னார். அதில் சென்டிமீட்டர் உண்டு. புதுக் குதிரையைச் சிமென்ட் தளத்தில் நிறுத்தி, தோள்மேட்டில் பலகையை மட்டம் பார்த்துப் பிடித்து, டேப்பை இறக்கினார்கள்.

"எவ்வளவு?"

"நூத்தி ஐம்பத்தஞ்சுங்கய்யா."

"மறுபடி பாரு."

"மறுபடியும் அதேதான். பொடி அளவு கூடக் குறைய இல்லை."

பண்ணைக் கோல் தேயவில்லை. கம்பி தொங்கவில்லை. ஜோடிக்காரர் டேப்பைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார், அது சம்பந்தியின் ஆள் போல. அப்புறம் திடீரென்று, "சீமாட்டியை நிறுத்து," என்றார். சீமாட்டி பதினைந்து புள்ளி இரண்டு. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

சீமாட்டி நூற்று ஐம்பத்தேழரை நின்றது.

தீவன அறைக் கதவில் பழைய கணக்கு அழியாமல் இருந்தது. அதற்குக் கீழே நூற்று ஐம்பத்தேழரையை எழுதி, பத்து புள்ளி ஒன்று ஆறால் வகுத்தார். பதினைந்து புள்ளி ஐந்து என்று வந்தது. தப்பு என்று அழித்துவிட்டு மறுபடி வகுத்தார். மறுபடியும் பதினைந்து புள்ளி ஐந்து.

"சீமாட்டி ஒரே ராத்திரியில வளந்துடுச்சா?" என்றார் தாடி, சிரிப்பை அடக்காமல். "புள்ளிக்கு அப்புறம் அஞ்சு வராதுன்னு நீங்கதானே ஐயா சொல்லுவீங்க? அந்தப் பணக்காரர் கதையில..."

தாடி பாவம், சிரிக்கத்தான் சொன்னார். ஜோடிக்காரரின் கையில் சாக்கட்டி நின்றுவிட்டது. வகுத்து வந்த ஐந்து அங்குலம் இல்லை. கையில் பாதி. பாதிக் கை என்றால் இரண்டு அங்குலம், சீமாட்டி சரி. அப்படியானால் மேலே எழுதியிருந்த இரண்டு ஐந்து? கால் கை. கால் கை என்றால் ஓர் அங்குலம். பதினைந்து கை, ஓர் அங்குலம். வீட்டுக் கோல் சொன்னது அது, பண்ணைக் கோல் சொன்னதும் அது. தப்பான எண் வந்திருந்தால், ஆறோ ஏழோ வந்திருந்தால், அந்த நிமிஷமே பிடித்திருப்பார். அவர் கேட்ட எண்ணே வந்து நின்றதால் உள்ளே விட்டுவிட்டார்.

"நீ போய்த் தண்ணி காட்டு," என்று தாடியை அனுப்பினார்.

கதவு முன்னால் தனியாக நின்றார். லாரி இன்று வரும். குதிரை திரும்பிப் போகும். யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. சம்பந்தி நாகரிகமானவர், இனி இந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். நாள் போகப்போக எல்லாம் ஆறிவிடும். மகள் மட்டும் அளக்கமாட்டாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கதவருகே கொண்டுபோனார். துடைத்தால் ஒரு வீச்சு வேலை. அந்த வீட்டில் அதுவரைக்கும் யாரும் திருடியதில்லை. துடைத்தால் அதுதான் முதல் திருட்டு.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய், "சலவைச் சட்டையை எடு," என்றார் மனைவியிடம்.

"எங்கே?"

"பொண்ணு வீட்டுக்கு."

"கார் இல்லையே? பையன் வண்டியை எடுத்துட்டுப் போயிருக்கானே?"

"லாரி வருது."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் லாரியில் ஏறி அவள் பார்த்ததில்லை. சட்டையை எடுத்து நீட்டும்போது, "திட்டறதுக்குப் போறீங்கன்னா போகவே வேண்டாம்," என்றாள்.

"திட்டறதுக்கு போன் போதும்," என்றார்.

லாரி டிரைவர் குதிரையை ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், முன் இருக்கையில் பெரியவர் விறைத்து உட்கார்ந்திருந்தார். "ஐயா, குதிரைக்குத்தான் திரும்பற சீட்டு போட்டிருக்காங்க," என்று சொல்லிப் பார்த்தான். பெரியவர் கதவை இழுத்துச் சாத்தியதும் கியரைப் போட்டான்.

வழியெல்லாம் ஜோடிக்காரர் வாய்க்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனார். ஒன்று நீளமாக இருந்தது. ஒன்று வழவழவென்று இருந்தது. இன்னொன்றில் மன்னிப்பு என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது கணக்குக் காட்டாமல் கணக்கை முடிக்கிற வேலை என்று தோன்றியதும் தூக்கி எறிந்தார். சைக்கிளில் போகிறவன்கூட லாரியை முந்திப் போவது போலிருந்தது.

"கொஞ்சம் வேகமாப் போயேன்."

"பின்னாடி குதிரை நிக்குதுங்க. ஆடினா கால் போயிடும்."

அவருக்கே தெரிந்த விஷயம். வாயை மூடிக்கொண்டார்.

பண்ணை அலுவலகத்துக்கு வெளியே ஒரு குதிரையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்க, மேலாளர் அளவுகோலைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு தடுமாறினார். எதிரே ஒரு வியாபாரி கைகட்டி நின்று, "என்னங்க, போன தடவை மாதிரி இல்லையே? அந்தம்மா எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தம்மா பக்கத்துக் கொட்டிலில் வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். லாரியிலிருந்து அப்பா இறங்குவதைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

சம்பந்தி அவசரமாக வெளியே வந்தார். "வாங்க சம்பந்தி, வாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காரை அனுப்பியிருப்பேனே? உள்ளே வாங்க."

"இருக்கட்டும். அன்னிக்கு நான் போன்ல பேசினப்ப யார் யாரெல்லாம் உள்ளே இருந்தாங்க?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? விடுங்க. நமக்குள்ள என்ன?"

"நமக்குள்ள பேசலையே சம்பந்தி. ஊருக்கே கேக்கற மாதிரியில்ல பேசினேன்? கூப்பிடுங்க."

மேலாளர் வந்தார். லாடம் அடிப்பவர் சுத்தியலோடு வந்தார். தீவனம் கலக்கிற அம்மாளும் கணக்கு எழுதுகிறவரும் வந்தார்கள். வியாபாரியை யாரும் கூப்பிடவில்லை, அவரும் வந்தார். மகள் கொட்டில் வாசலில் தூணில் சாய்ந்து நின்றாள்.

ஜோடிக்காரர் அடுக்கி வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் இல்லை.

"நூத்தி ஐம்பத்தஞ்சு சரி," என்றார். "எங்க வீட்டு டேப்பும் அதைத்தான் சொல்லுது. அதைக் கைக்கணக்குக்கு மாத்தினது நான். வகுத்தப்ப கால் கை வந்துச்சு. கால் கைன்னா ஓர் அங்குலம். அதை நான் ரெண்டு அங்குலம்னு படிச்சுட்டேன். கோல்லயும் தப்பில்லை, அளந்த கையிலயும் தப்பில்லை. தப்பு..."

"அப்பா," என்றாள் மகள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மாமாவுக்கு ஒரு காது கேக்காது. அன்னிக்குக் கேட்ட அளவுக்காவது கேக்கணும் இல்லையா?"

"ஏம்மா, போதும்மா, எனக்கு நல்லாவே கேக்குது," என்று சம்பந்தி பதறினார்.

"போதாது மாமா."

ஜோடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதுகு எப்போதும் போல நேராக இருந்தது. லாயத்துக்கு மறுகோடியிலிருக்கிற தாடியைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"தப்பு என்னுது! திருட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். என் பொண்ணைச் சொன்னேன். அந்த வார்த்தைக்கு இந்தப் பண்ணையில இடமில்லை. என்னை மன்னிச்சுடுங்க, சம்பந்தி. நீயும்மா."

லாரிக்குள் குதிரை ஒரு தடவை காலை உதைத்தது. மகள் கையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு நடந்து வந்தாள். அப்பாவைத் தாண்டி மேலாளரிடம் போய், "குடுங்க," என்றாள். கோலை நேராக நிறுத்தினாள். குறுக்குக் கம்பியைத் தோள்மேட்டில் இறக்கினாள். அதில் பதித்திருந்த சின்ன ரசமட்டத்தைக் குனிந்து பார்த்தாள். வியாபாரியிடம் ஓர் எண்ணைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குதிரையை நடத்திக்கொண்டு போனார்.

அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தாள்.

"சாம்பல் நிறத்துல ஒண்ணு இருக்கு. நூத்தி ஐம்பத்தேழரை. உங்க கணக்குல எவ்வளவு வருதுன்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் கை சட்டைப் பைக்குள் போனது. சாக்கட்டி அங்கேதான் இருந்தது. விரலில் தட்டுப்பட்டது. விட்டுவிட்டார்.

"நீயே சொல்லும்மா."

"பதினஞ்சு புள்ளி ரெண்டு," என்றாள். ஒரு நொடி விட்டு, "அங்குலம்ப்பா. பத்துல ரெண்டு இல்லை."

லாடக்காரர் சத்தமாகவே சிரித்துவிட்டார். ஜோடிக்காரர் சிரிக்கவில்லை. "ஏத்தச் சொல்லு," என்றார்.

செவலையை இறக்கிவிட்டுச் சாம்பலை ஏற்றினார்கள். சம்பந்தி உள்ளே வந்து உட்காரச் சொல்லி எவ்வளவோ வற்புறுத்தினார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது போல அவர் நின்றே பேசினார். லாரிப்படியில் கால் வைத்தவர் திரும்பி, "உங்கம்மாவுக்கு ஒரு போன் பண்ணேன். அவ என்னைச் சாப்பிட விடமாட்டேங்கறா," என்றார்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. பலகையை வச்சுப் பாருங்க. குமிழி எங்கே நிக்குதுன்னு நீங்களே எனக்கு போன் பண்ணிச் சொல்லுங்க. நான் எடுக்கறேன்."

"நடுவுல நிக்கலைன்னா?"

"அப்பவும் பண்ணுங்க."

லாரி புறப்பட்டது. இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் இருந்தது. வளைவு வரும்போதெல்லாம் ஜோடிக்காரர் கழுத்தைத் திருப்பி அதன் வழியாகச் சாம்பல் குதிரையின் தோள்மேட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அது குறையாதுங்கய்யா," என்றான் டிரைவர்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றார் அவர்.